3215031751-ஐ வைத்து பாரி/ஜிபி-க்கு ஒரு பரீட்சை

பகா எண்ணா, பகு எண்ணா என்று சொல்லும் மென்பொருளை எடைபோட 1000003 மாதிரியான எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. எந்த நிரலும் அதற்குச் சரியான விடை சொல்லிவிடும். கொடுக்க வேண்டிய எண் 3215031751. பத்தே இலக்கம்தான். பகு எண்தான், ஆனால் பகா எண் போல நடித்து ஃபெர்மா சோதனையை ஏமாற்றிவிடும். ‘அடிமானம்’ என்று ஓர் எண்ணை எடுத்து, அதைச் சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனை. அதைவிடக் கறாரான மில்லர்–ராபின் சோதனையையும் 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களில் ஏமாற்றிவிடும். இந்த நான்கையும் ஒருசேர ஏமாற்றும் எண்களில் மிகச் சிறியது இதுதான். பொமரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் மூவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் 2500 கோடி வரை அலசியதில் இப்படிப்பட்ட எண் இது ஒன்றுதான் அகப்பட்டது.

இங்கே மதிப்பிடப்படுவது பாரி/ஜிபி. பிரான்சின் போர்தோ நகரில் ஆன்ரி கோஹனும் அவர் குழுவினரும் தொடங்கி, இன்றும் அங்கிருந்தே பராமரிக்கப்படும் எண்கோட்பாட்டுக் கணிப்பான். விலை இல்லை, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. உபுண்டு, டெபியன் களஞ்சியங்களில் பாரி-ஜிபி என்ற பெயரிலேயே கிடைக்கும். விண்டோஸுக்குத் தனி நிறுவி இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு பாரிட்ராய்ட் உண்டு. எதையும் நிறுவ மனமில்லாதவர்கள் அவர்களுடைய தளத்தில் உலாவிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம். கீழே கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். ‘மாட்’ ஒன்றுக்கு மட்டும் முதல் எழுத்து பெரியது.

பாரியின் கட்டளைச் சாளரமான ஜிபியைத் திறந்ததும் ஒரு கேள்விக்குறி நிற்கும். எண்ணை முதலில் ‘ந = 3215031751’ என்று ஒரு பெயரில் போட்டுக்கொள்வது நல்லது. இங்கேயே இரண்டு பேர் வழுக்குவார்கள். வாசிக்க வசதியாக 3,215,031,751 என்று காற்புள்ளி போட்டுத் தட்டினால் தொடரியல் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். கால்குலேட்டர் பழக்கத்தில் பத்தின் அடுக்கை 1இ10 என்று எழுதுபவர்களுக்கு வேறு சிக்கல். ஜிபி அதை முழு எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, தசம எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அதன் மேல் பகா எண் சோதனை கேட்டால் வகை பொருந்தவில்லை என்று மறுக்கும். 10^10 என்று எழுதினால் முழு எண்ணாகவே இருக்கும்.

‘ஃபேக்டர்(ந)’ என்று கேட்டால் கண் இமைப்பதற்குள் மூன்று வரி வரும்: 151, 751, 28351, ஒவ்வொன்றின் அடுக்கும் 1. இந்த அளவு எண்ணுக்கு இது பெருமையில்லை. லினக்ஸ் முனையத்தில் ஏற்கெனவே இருக்கும் ‘ஃபேக்டர்’ கட்டளையும் இதே மூன்றைத் தரும். பாரியின் மதிப்பு காரணிப்படுத்திய பிறகுதான் தெரிகிறது. ‘நம்டிவ்’ வகுத்திகளின் எண்ணிக்கை 8 என்கிறது. ‘சிக்மா’ அவற்றின் கூட்டுத்தொகை 3240747008 என்கிறது. அதிலிருந்து எண்ணையே கழித்தால் மிஞ்சுவது 25715257, எண்ணில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இது குறைவு எண். ‘மியோபியஸ்’ −1 தரும்: வர்க்கக் காரணி கிடையாது, காரணிகளின் எண்ணிக்கை ஒற்றை. வெவ்வேறான மூன்று பகா எண்களின் பெருக்கலாகிய ஸ்ஃபீனிக் வகை என்பது அப்போதே தீர்ந்துவிடும். வகுத்திகளின் சராசரி 3240747008 / 8 = 405093376, முழு எண்ணாகவே வருகிறது. இதனால் ‘கணித எண்’ என்ற பட்டமும் சேரும், அந்தப் பட்டத்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை என்றாலும்.

இலக்க விளையாட்டுகளில் ஆர்வம் இருந்தால்: இலக்கக் கூட்டு 28, இருமத்தில் 32 இடங்கள், அவற்றில் 21 இடங்களில் 1. ‘மகிழ்ச்சி எண்’ அல்ல, அதாவது இலக்கங்களின் வர்க்கங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போனால் 1-இல் முடிவதில்லை. இதற்கெல்லாம் ‘சம்டிஜிட்ஸ்’, ‘ஹேமிங்வெயிட்’ போதும். இவை நாம் எழுதும் முறையைப் பொறுத்தவை, எண்ணின் உள்ளமைப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இதோடு விட்டுவிடலாம்.

உள்ளே போக வேண்டுமென்றால் ‘இசட்என்ஸ்டார்(ந)’. இந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத மீதிகள் பெருக்கலின் கீழ் எப்படிக் குழுவாக அமைகின்றன என்று இது காட்டும். விடையில் முதலில் 3189375000 வரும். அது அந்த மீதிகளின் எண்ணிக்கை, ஆய்லரின் ஃபை சார்பு, அதாவது 150 × 750 × 28350. அடுத்து [141750, 150, 150], அந்தக் குழு பிரியும் சுழற்சிக் குழுக்களின் அளவுகள். இந்தப் பட்டியலின் முதல் உறுப்பான 141750 தான் கார்மைக்கேல் சார்பின் மதிப்பு: எந்த மீதியையும் இத்தனை முறை பெருக்கினால் 1-க்குத் திரும்பிவிடும். ந − 1-ஐ இதனால் வகுத்தால் மீதியில்லாமல் 22681 வருகிறது. பகு எண்ணுக்கு இப்படி வந்தாலே அது கார்மைக்கேல் வகை, தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்திலும் ஃபெர்மா சோதனையை ஏமாற்றுவது. 1899-இல் கணிதவியலாளர் கோர்செல்ட் சொன்ன நிபந்தனையும் இதையே வேறு வடிவில் சொல்கிறது: வர்க்கக் காரணி இருக்கக்கூடாது, ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்று குறைத்தால் வருவது ந − 1-ஐ வகுக்க வேண்டும். 150, 750, 28350 மூன்றும் 3215031750-ஐ வகுக்கின்றன. ஈவுகள் முறையே 21433545, 4286709, 113405. ராமானுஜத்தின் பெயரோடு எல்லோரும் அறிந்த 1729-உம் 7 × 13 × 19 என்பதால் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

கார்மைக்கேல் சார்புக்கென்று பாரியில் தனிக் கட்டளை இல்லை. இது ஒரு குறைதான். பலரும் மேற்சொன்ன பட்டியலின் முதல் உறுப்பை நேராக எடுத்துக்கொள்வார்கள். 1, 2 ஆகிய எண்களுக்கு அந்தப் பட்டியல் காலியாக இருக்கும், எனவே சுழற்சியில் போட்டு ஓட்டினால் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். பட்டியல் முழுவதற்கும் ‘எல்சிஎம்’ கேட்டால், அதாவது மீ.பொ.ம. எடுத்தால், காலிப் பட்டியலுக்கு 1 வரும், எங்கும் இடறாது. கார்மைக்கேல் எண்ணா என்று சோதிக்க மூன்று நிபந்தனைகள் போதும்: எண் 1-ஐவிடப் பெரியது, பகா எண் அல்ல, அந்த மீ.பொ.ம. ந − 1-ஐ வகுக்கிறது. வர்க்கக் காரணியைத் தனியாகப் பார்க்க வேண்டாம். அப்படி ஒன்று இருந்தால் மூன்றாவது நிபந்தனையே தவறிவிடும்.

ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பாரியில் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. மற்றக் கருவிகளைவிட இது முன்னே நிற்பதற்கு எங்கள் கணிப்பில் இதுவே காரணம்.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுவோம். ஃபெர்மா சோதனைக்கு ‘2^(ந−1) % ந’ என்று தட்டாதீர்கள். ஜிபி முதலில் 2-இன் அடுக்கை முழுதாகக் கணக்கிட முயலும். அந்த எண்ணுக்கு மட்டுமே சுமார் 402 எம்பி நினைவகம் வேண்டும். ஜிபி கணக்குப் போட ஒதுக்கிக்கொள்ளும் நினைவகமான ஸ்டாக் தொடக்கத்தில் 8 எம்பிதான் என்பதால், உச்ச வரம்பை உயர்த்தி வைக்காதவர்களுக்கு ஸ்டாக் வழிந்துவிட்டது என்ற பிழைதான் மிஞ்சும். வரம்பை உயர்த்தினாலும் அது வீண் வேலை. ‘மாட்(2, ந)^(ந−1)’ என்று எழுதினால் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதியை எடுத்துக்கொண்டே போகும், விடை உடனே வரும்: 1. அடிமானம் 3, 5, 10, 100 என்று எதை வைத்தாலும் 1 தான். 151, 751, 28351 இவற்றின் மடங்கை அடிமானமாக வைத்தால் மட்டுமே வேறு விடை வரும். கார்மைக்கேல் எண் என்றால் அதுதான் பொருள்.

மில்லர்–ராபினில் அடுத்த படி, அடுக்கைப் பாதியாக்குவது. ந − 1 = 2 × 1607515875, இரண்டாவது காரணி ஒற்றை எண். ஆகவே பாதியாக்க ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. ‘மாட்(2, ந)^((ந−1)/2)’ தருவது 1. அடிமானம் 3-க்கு 3215031750, அதாவது −1. 5-க்கு 1. 7-க்கு மீண்டும் −1. சோதனையின் கண்ணில் 1, −1 இரண்டும் தேர்ச்சிதான். நான்கு அடிமானத்திலும் எண் தேறிவிட்டது.

காரணம் மேலே வந்த ஈவுகளில் இருக்கிறது. 21433545, 4286709, 113405 மூன்றும் ஒற்றை எண்கள். ஆகவே பாதி அடுக்கில் ஒவ்வொரு பகாக் காரணியிலும் கிடைப்பது அந்த அடிமானத்தின் லெஜாண்டர் குறியேதான்: அடிமானம் அந்தப் பகா எண்ணுக்கு இருபடி எச்சமானால் (ஏதோ ஒரு வர்க்க எண்ணை அதனால் வகுத்தால் வரும் மீதியானால்) 1, இல்லையென்றால் −1. மூன்று காரணியிலும் குறி ஒத்துப்போனால் எண் தப்பித்துவிடும். ‘கிரோனெக்கர்’ கட்டளையில் சரிபார்க்கலாம். 151, 751, 28351 மூன்றையும் 8-ஆல் வகுத்தால் மீதி 7, அதனால் 2-க்கு மூன்றிலும் +1. மூன்றையும் 3-ஆல் வகுத்தால் மீதி 1, 4-ஆல் வகுத்தால் மீதி 3, அதனால் 3-க்கு மூன்றிலும் −1. 5-ஆல் வகுத்தாலும் மீதி 1, அதனால் 5-க்கு மூன்றிலும் +1. 7-ஆல் வகுத்தால் மீதிகள் 4, 2, 1. மூன்றும் 7-இன் இருபடி எச்சங்கள் என்பதால் மறுபடி ஒரே குறி, −1. குறிகள் ஒத்துப்போனால் பெருக்கினாலும் ஒத்துப்போகும். ஆகவே 6, 10, 14, 15 என்று இவற்றைப் பெருக்கி வரும் அடிமானங்களைச் சேர்த்தாலும் ஒரு துளி புதிய தகவலும் கிடைக்காது. நிரலில் அடிமானங்களைக் கூட்டுகிறோம் என்று 4, 6, 8, 9 சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

11-இல் வேடம் கலைகிறது. ‘மாட்(11, ந)^((ந−1)/2)’ தருவது 2129160099. 1-உம் இல்லை, −1-உம் இல்லை. 151-இல் 11-இன் குறி +1, மற்ற இரண்டிலும் −1. இதில் இன்னொரு லாபமும் உண்டு. விடையில் ஒன்று குறைத்து ந-வோடு மீ.பொ.வ. எடுத்தால் 151 நேராகக் கையில் வரும். ஒன்று கூட்டி எடுத்தால் 21291601, அதாவது மற்ற இரண்டின் பெருக்கல். விடையை ‘லிஃப்ட்’ செய்து சாதாரண முழு எண்ணாக்கிய பிறகே ‘ஜிசிடி’ கேளுங்கள்.

ஏமாற்றும் அடிமானங்கள் மொத்தம் எத்தனை என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. மூன்று குறிகளுக்கு எட்டுச் சேர்க்கைகள், அவற்றில் ஒத்துப்போவது இரண்டு. ஆகவே ஃபை மதிப்பில் கால் பங்கு, 797343750. சமவாய்ப்பில் ஓர் அடிமானத்தை எடுத்தால் அது ஏமாறும் வாய்ப்பு ஏறத்தாழ 24.8 விழுக்காடு. எந்தப் பகு எண்ணுக்கும் இது 25 விழுக்காட்டைத் தாண்டாது என்பது ராபினின் தேற்றம். அந்த வரம்பை ஏறக்குறைய முட்டிக்கொண்டு நிற்கும் எண் இது. பாரியில் ‘இஸ்சூடோப்ரைம்(ந, 1)’ என்று கேட்டால் ஒரே ஒரு சமவாய்ப்பு அடிமானத்தில் சோதிக்கும். நாலில் ஒரு தடவை பகா எண் போலத்தான் என்று சொல்லும் அபாயம் உண்டு. எண்ணிக்கையை 10 ஆக்கினால் அந்த அபாயம் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். இன்னொன்று: ஜிபி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சமவாய்ப்பு விதை அதே இடத்திலிருந்துதான் தொடங்கும். மூடித் திறந்து சோதிப்பதால் புதிய சான்று எதுவும் கிடைக்காது. ‘செட்ராண்ட்’ கொண்டு விதையை மாற்ற வேண்டும்.

இரண்டாவது எண்ணைக் கொடுக்காமல் ‘இஸ்சூடோப்ரைம்(ந)’ என்று மட்டும் கேட்டால் வேறு சோதனை ஓடுகிறது. அடிமானம் 2-இல் மில்லர்–ராபின், அதோடு லூகாஸ் தொடர்களைக் கொண்டு வேறு வழியில் பார்க்கும் லூகாஸ் சோதனை. பெய்லி, பொமரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் பெயரில் வழங்கும் இந்தச் சேர்க்கையில் தப்பிக்கும் பகு எண் 2^64-க்குள் ஒன்றுகூட இல்லை என்று சரிபார்க்கப்பட்டிருக்கிறது. ந-வுக்கு விடை 0. ‘இஸ்ப்ரைம்’ இன்னும் கறாரானது: 2^64-க்கு மேலே போனால் நிரூபணமே செய்துவிட்டுத்தான் 1 சொல்லும். இந்த இரண்டையும் தனித்தனிக் கட்டளைகளாக வைத்திருப்பது பாரியின் மிகப் பெரிய நேர்மை. பகா எண் போலத் தெரிகிறது, பகா எண்தான் என்ற இரண்டு விடைகளையும் ஒரே சொல்லில் மூடி மறைக்கும் கருவிகள் ஏராளம்.

அதே நேர்மை ‘ஃபேக்டர்’ கட்டளையில் இயல்பாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய எண்களைப் பிரிக்கும்போது அது தரும் காரணிகள் மேற்சொன்ன சேர்க்கைச் சோதனையில் தேறியவை மட்டுமே. நிரூபணம் வேண்டுமென்றால் ‘டிஃபால்ட்’ வழியே ‘ஃபேக்டர்_ப்ரூவன்’ என்ற அமைப்பை 1 ஆக்க வேண்டும். கட்டுரை எழுதுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

சொந்தமாக சி நிரல்மொழியில் எழுதிப் பார்ப்பவர்களுக்கும் இந்த எண் நல்ல பரீட்சை. 2^31-க்கும் 2^32-க்கும் இடையில் இருப்பதால், குறியுள்ள 32 பிட் மாறியில் போட்டால் −1079935545 ஆகிவிடும். 64 பிட்டுக்கு மாறினால் தீர்ந்தது என்று நினைத்தால், மீதிகளைப் பெருக்கும்போது மாட்டுவீர்கள். பெருக்கல் 1.03 × 10^19 வரை போகும், குறியுள்ள 64 பிட்டின் உச்சமோ 9.22 × 10^18 தான். குறியில்லா 64 பிட்டில் தப்பிக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்கள் 2^53 வரைதான் துல்லியம் என்பதால் பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகை கட்டாயம். எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும், அதில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். 2, 3, 5, 7 போதும் என்று எழுதப்பட்ட நிரல்களில் ‘எண் 3215031751 என்றால் பகு எண்’ என்று ஒரு தனி வரி இருப்பதைப் பார்க்கலாம். அசிங்கமாகத் தெரியும், ஆனால் 2500 கோடி வரை அது முற்றிலும் சரி. அந்த வரியைத் தேவையில்லாதது என்று நினைத்து நீக்கினால் நிரல் கெட்டுவிடும். சுத்தமான வழி வேண்டுமென்றால் 32 பிட்டுக்கு 2, 7, 61 என்ற மூன்று அடிமானங்கள் போதும்; கணிதவியலாளர் யேஷ்கெ 1993-இல் காட்டியபடி 4759123141-க்குக் கீழே இவை தவறுவதில்லை.

மாற்றுகளைப் பற்றிச் சுருக்கமாக. கட்டளை தட்டப் பிடிக்காதவர்களுக்கு ஆல்பெர்ட்ரான் தளத்தின் காரணிக் கணிப்பான் நல்லது. வகுத்திகளின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை, ஃபை, மியோபியஸ் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். எண்ணை வர்க்கங்களின் கூட்டலாகவும் காட்டும். நம் எண்ணுக்கு நான்கு வர்க்கம் வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எண்ணை மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. குழு அமைப்பு, லெஜாண்டர் குறி போன்றவற்றுக்குப் பாரிதான் தோது.

எண் வரிசைக் களஞ்சியமான ஓஇஐஎஸ்-இல் தேடினால் முதல் ஒன்று, இரண்டு, மூன்று என்று பகா அடிமானங்களை ஒருசேர ஏமாற்றும் மிகச் சிறிய எண்களைத் தரும் ஏ014233 என்ற வரிசையில் இது நான்காவதாக நிற்கும்: 2047, 1373653, 25326001, 3215031751. ஆனால் கார்மைக்கேல் எண்களின் வரிசையான ஏ002997-இன் முகப்புப் பட்டியல் சில லட்சங்களோடு முடிந்துவிடுகிறது. தேடல் அந்த முகப்பு உறுப்புகளைத்தான் பார்க்கும், இணைப்புக் கோப்புகளைப் பார்க்காது. ஆகவே பத்து இலக்க எண் ஒரு வரிசையில் அகப்படவில்லை என்பதால் அந்த வகையில் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது.

பாரியின் பெரிய குறை, அது பட்டம் சூட்டாது என்பதே. எண்ணைக் கொடுத்தால் ‘இது ஸ்ஃபீனிக், கார்மைக்கேல், குறைவு எண்’ என்று பட்டியல் போடும் கட்டளை இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தவருக்கே அது பேசும். உதவிப் பக்கங்கள் முழுமையானவை. கேள்விக்குறிக்குப் பின்னால் கட்டளையின் பெயரைத் தட்டினால் விளக்கம் வரும். ஆனால் அவை கணிதம் படித்தவருக்கென்றே எழுதப்பட்டவை. பள்ளி மாணவர் கையில் இதை முதலில் கொடுக்க மாட்டோம். எண்கோட்பாட்டில் ஒரு பருவம் படித்த கல்லூரி மாணவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்போம்.

வரம்பும் உண்டு. 60 இலக்க எண்களைப் பிரிப்பது சாதாரண மடிக்கணினியிலும் சிரமமில்லை. 100 இலக்கத்தை நெருங்கும்போது, இரண்டு காரணிகளுமே பெரியவையாக இருந்தால், பாரி அந்த வேலைக்கு ஏற்ற கருவி இல்லை. அங்கிருந்து மேலே காடோ-என்எஃப்எஸ் மாதிரியான தனி மென்பொருளின் எல்லை. 250 இலக்க ஆர்எஸ்ஏ-250 எண்ணை 2020-இல் பிரித்தது அதைக் கொண்டுதான்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை, கார்மைக்கேல் சார்புக்குத் தனிக் கட்டளை இல்லாததற்கு. தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை: முதல் வேலையாகப் பின்சாய்கோடும் ‘எல்’ எழுத்தும் தட்டுங்கள். அன்றைய கேள்வி, விடை எல்லாம் ‘பாரி.லாக்’ என்ற கோப்பில் பதிவாகும். ‘#’ தட்டினால் ஒவ்வொரு விடைக்கும் எடுத்த நேரமும் கூடவே வரும்.